மயில்சாமி ஏறாத மரம்

மயில்சாமி தென்னை மரத்திலிருந்து விழுந்து கால் போனவர் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் பிறந்ததிலிருந்து ஒரு தென்னை மரம்கூட ஏறியதில்லை என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு, தொண்டாமுத்தூருக்கு மேற்கே இருக்கிற அந்த ஊர் எப்படி நிம்மதியாக டீ குடிக்கிறது என்பதுதான் அவர் மகள் அன்புக்கரசிக்குப் பிடிபடாதது.

அந்தக் கோபம் அவளோடு விமானம் ஏறி ஸ்பெயின் வரைக்கும் போயிற்று.

காலை உடைத்தது காரி. மயில்சாமி வேலை பார்க்கிற, அவர் பண்ணாடி என்று கூப்பிடுகிற முதலாளி பொங்கியண்ணனின் தோட்டத்து ஜல்லிக்கட்டு மாடு. கன்றுக்குட்டியாக வந்த நாளிலிருந்து அதைக் குளிப்பாட்டியவர், பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தவர், குட்டையில் நீச்சலுக்கு விட்டவர், மண்மேட்டைக் கொம்பால் குத்தப் பழக்கியவர் மயில்சாமி. வேறு யாராவது கட்டுத்தறிக்குள் போனால் காரி மூச்சை இழுத்து விடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். ஆனால் ஜல்லிக்கட்டுக்கு மாட்டைக் கொண்டுபோகும்போது பாஸ் இரண்டு பேருக்குத்தான். சொந்தக்காரர் ஒருவர், உதவியாள் ஒருவர். சொந்தக்காரர் பொங்கியண்ணன், உதவியாள் அவர் மகன் கிருபாசங்கர். வரிசை நகர்கிற வரைக்கும் மயில்சாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். வாடிவாசலுக்கு முந்தின தடுப்பில், மாடு திரும்ப வழியில்லாத இடத்தில், கிருபாசங்கர் கயிற்றை வாங்கிக்கொள்வான். மைக்கில் இரண்டு பேர் பெயரும் வரும். போட்டோ எடுப்பார்கள். மயில்சாமி வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஓடி, அவிழ்த்துவிட்ட மாடுகள் வந்து சேருகிற மறுமுனையில் நிற்பார். காரியைத் திரும்பப் பிடிக்க அவரை விட்டால் ஆளில்லை.

அங்கேதான் குத்துப்பட்டது, அவள் ஸ்பெயின் போவதற்கு முந்தின தையில். கூட்டத்தின் இரைச்சலில் கண் தெரியாமல் ஓடிவந்த மாடு, தன்னை வளர்த்தவரின் வலது தொடையில் கொம்பை இறக்கிவிட்டுத்தான் அவரை அடையாளம் கண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள், குத்திய பிறகு அப்படியே நின்று அவர் முதுகை நக்கியதாம். அன்புக்கரசிக்கு அந்தக் கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பாஸ் இல்லாத ஆள் மைதானத்துக்குள் மாட்டிடம் குத்துப்பட்டான் என்று வெளியே தெரிந்தால் அடுத்த வருடம் மாட்டைச் சேர்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காருக்குள்ளேயே தென்னை மரம் முளைத்துவிட்டது. மரத்திலிருந்து விழுந்தவனுக்குத் தொடையில் எப்படி ஓட்டை விழும் என்று டாக்டர் கேட்டார். காய்ந்த மட்டை குத்திவிட்டதென்று கிருபாசங்கர் சொன்னான். டாக்டர் மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி தலையாட்டினார். அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்த மகளின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு அவர் சொன்னது இதுதான்:

"வாயத் தொறந்துபோடாத கண்ணு. காரிய ஒதுக்கிப்போடுவாங்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. பி.இ. மெக்கானிக்கல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். கல்லூரியில் படிக்கும்போது ஜல்லிக்கட்டு வேண்டும் என்று கோவை வ.உ.சி. மைதானத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியவள். எங்கள் காளை, எங்கள் உரிமை என்று கத்தினாள். அந்த 'எங்கள்' யார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மைதானத்தில் யாரும் கேட்கவுமில்லை. வீட்டுக்குப் போனபோது மயில்சாமி மட்டும், இத்தனை பிள்ளைகள் ரோட்டில் கிடக்கிறீர்களே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார் என்று சிரித்தார்.

அவளுக்கு அரசூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. கேம்பஸ் இன்டர்வியூவில் தானாக வாங்கியது. அதே கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் மேனேஜராக இருந்த கிருபாசங்கர், முதல் நாளே கேன்டீனில் அவளைக் காட்டி, "நம்ம தோட்டத்து மயிலு புள்ளைங்க" என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தான். அதற்குப் பிறகு அவள் வாங்கிய வேலை அவன் கொடுத்த வேலை ஆகிவிட்டது. அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வான். அவளுக்கு வெறுப்பே அந்த 'ங்க' மேல்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம், மரியாதையை என்ன செய்வது?

செப்டம்பரில் இரண்டு பேரையும் கம்பெனி ஸ்பெயினுக்கு அனுப்பியது. வாலென்சியா பக்கம் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று அவர்கள் பம்புகளை வாங்கியிருந்தது. பொருத்தி, ஓட்டிக் காட்டி, அங்கிருக்கிற ஆட்களுக்குப் பழக்கிவிட்டு வரவேண்டும். சங்கத்தின் மெக்கானிக் விசென்தே, தலை நரைத்த, உரக்கப் பேசுகிற மனிதர். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுவார். தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுத் திருவிழா, கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்தார். கிருபாசங்கர் துள்ளிக் குதித்தான். காங்கேயம் மாடுகளைப் பற்றி அவன் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான். அதற்கு இதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்?

ஊர் சின்னது. நெருக்கமான வீடுகள், நடுவில் ஒற்றைத் தெரு. தெருவில் மணல் கொட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் உயரத்தை மிஞ்சிய இரும்புக் கம்பிக் கூண்டு. மனிதன் உடம்பை ஒருக்களித்து நுழைந்துவிடலாம், மாட்டின் தலை நுழையாது. அந்த அளவில் இடைவெளி. கூண்டுக்குள் மனிதர்கள், தெருவில் மாடு. பொரித்த எண்ணெய் வாசம், வெடிமருந்து வாசம், இரண்டுக்கும் அடியில் சாணி வாசம். அதை மூக்கு கண்டதும் அன்புக்கரசிக்கு அப்பாவின் லுங்கி ஞாபகம் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாடு வருவதற்கு முன்னால் வீடியோவை முடித்துவிடலாம் என்றான் கிருபாசங்கர். அவள் பேசவேண்டியதைப் போனிலேயே எழுதி வைத்திருந்தான். நான் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் மாடு எங்களுக்குச் சாமி. இங்கே மாட்டை வதைக்கிறார்கள், நாங்கள் கொண்டாடுகிறோம். அவன் பேசினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும், மாட்டுக்காரர் மகளே ஸ்பெயினில் நின்று சொன்னால் எடுபடும் என்று விளக்கினான். அவள் தலைவலிக்கிறது, பிறகு பார்க்கலாம் சார் என்றாள்.

வானத்தில் ஒரு வெடி வெடித்தது. மாட்டை அவிழ்த்துவிட்டதற்கு அடையாளம் அது என்று விசென்தே அவளைக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

கறுப்பு மாடு. திமில் இல்லாத முதுகு, முன்பக்கம் கனத்த உடம்பு. தெருமுனையில் திரும்பியதும் நின்று, போகவேண்டிய இடம் எது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தது. இளவட்டங்கள் முன்னால் ஓடிவந்து, உடம்பை வளைத்து, கொம்புக்குத் தப்பிக் கூண்டுக்குள் பாய்ந்தார்கள். கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கிழவி சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பினாள். ஒரு சிறுவன் குச்சியால் மாட்டின் விலாவைக் குத்தினான், அவன் அப்பன் சிரித்தான். மாட்டின் வாயில் நுரை. வயிறு ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. அதன் வாடை அறிந்த மனிதன், அதன் பெயரைக் கூப்பிடுகிறவன் அந்தத் தெருவில் ஒருத்தனும் இல்லை. அவளுக்கு அந்த ஊரின் மேலும் ஆத்திரம் வந்தது.

"பாத்தீங்களாங் அம்மணி, ராட்சசனுக" என்றான் கிருபாசங்கர், போனைக் கீழே இறக்காமல்.

அப்போது ஒருவன் வழுக்கினான். மஞ்சள் சட்டை போட்ட நடுவயசுக்காரன். மணலில் கால் இழுபட்டுக் கையை ஊன்றுவதற்குள் மாடு வந்து தூக்கியது. தெரு முழுவதும் ஒரே மூச்சாக அலறியது. யாரோ வாலைப் பிடித்தார்கள், யாரோ சட்டையைக் கழற்றி வீசி மாட்டைத் திருப்பினார்கள். ஆரஞ்சு உடை போட்டவர்கள் சந்திலிருந்து ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். ஏற்கெனவே காத்திருந்தவர்கள் அவர்கள். டாக்டர் வந்து உட்காராமல் மாட்டை அவிழ்க்கவே கூடாதென்பது சட்டம் என்றார் விசென்தே.

மாட்டை உள்ளே அடைத்த பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. தெரு அமைதியானது. விசென்தே மெதுவாக அவளுக்கு மொழிபெயர்த்தார். குத்துப்பட்டவன் பெயர் சொன்னார்கள். இந்த ஊர்க்காரன், பேக்கரி வைத்திருப்பவன். கொம்பு பாய்ந்தது தொடையில். உயிருக்கு ஒன்றுமில்லை. குத்திய மாட்டின் பெயரையும் அதை வளர்த்த பண்ணையின் பெயரையும் சொன்னார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

விசென்தே தன் கால்சட்டையைச் சுருட்டிக் கெண்டைக்கால் தழும்பைக் காட்டினார். அதற்கும் ஒரு மாட்டின் பெயர் இருந்தது. வருடம் இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணக் களை. இன்று குத்திய மாடு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். விழா முடிந்ததும் கசாப்புக்குப் போகும் என்றார், கொஞ்சமும் தயங்காமல். கொல்லப்போவதைக்கூட மறைக்கத் தெரியாத ஊர். அவளுக்கு அந்த மாட்டுக்காக அழுகை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் வந்தது. கம்பிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு பேக்கரிக்காரன் மேல் அவள் பொறாமைப்பட்டாள்.

"சார், இப்ப எடுங்க. பேசறேன்" என்றாள்.

கிருபாசங்கர் கேமராவைத் திருப்பினான். அவள் நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பா பேரு மயில்சாமி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் பொங்கியண்ணன் தோட்டத்துல மாடு வளத்தறவரு. போன தையில, அவரு வளத்த காரியே அவரைக் குத்திப்போடுச்சு. வலது தொடை. அவரு தென்னை மரத்துல இருந்து உழுகலீங்க. மரம் ஏறவே அவருக்குத் தெரியாதுங்க."

அவன் ரெக்கார்டை எங்கே நிறுத்தினான் என்று தெரியாது. போன் அவன் இடுப்புக்கு இறங்கியிருந்தது. முகத்தில் கோபமில்லை. அதே சிரிப்பு, கொஞ்சம் வெளிறியிருந்தது.

"ஏனுங் அம்மணி, இதை யாருங்க கேட்டாங்க?"

"யாருமே கேக்கலீங்க சார். அதாங்க சொன்னேன்."

"சொன்னா என்னாகும்னு உங்கப்பன்கிட்டயே கேட்டுக்கங்க" என்று சொல்லி, அங்கேயே, அந்த மணல் தெருவிலேயே வாட்ஸ்அப்பில் மயில்சாமியைக் கூப்பிட்டான். இங்கே நடந்ததை அவரிடம் நாலே வார்த்தையில் மரியாதையாகச் சொல்லி, போனை அவள் கையில் வைத்தான்.

அப்பாவின் குரல் பதறியது. அவள் பயந்தது வேறு. மாட்டை ஒதுக்கிவிடுவார்கள் என்பார், பண்ணாடி கோபித்துக்கொள்வார் என்பார் என்றுதான் நினைத்தாள். அதையெல்லாம் அவர் சொல்லவேயில்லை.

"கண்ணு, வர்ற தைக்கி பாஸுல எம்பேரைப் போடறேன்னு பண்ணாடி சொல்லியிருக்காரு. வாசல் வரைக்கும் நாந்தான் புடிச்சுட்டுப் போறது. மைக்குல சொல்லுவாங்களாமா, உதவி மயில்சாமின்னு. நீ கெடுத்துப்போடாத சாமி."

கால் போன மனிதர். நொண்டிக்கொண்டே இன்னமும் கட்டுத்தறி கூட்டுகிற மனிதர். அவருக்கு வேண்டியது மைக்கில் ஒரு பெயர். அவளுக்குப் போனைத் தூக்கி அந்த மணலில் எறிந்துவிடலாம் போல இருந்தது. "சரிப்பா" என்றாள். கிருபாசங்கர் அவள் பார்க்கும்படி வீடியோவை அழித்தான், அழித்துவிட்டு ஒரு நன்றியும் சொன்னான். இரண்டாவது முறையாக அவள் வாயை மூடிக்கொண்டாள். முதல் முறை ஆஸ்பத்திரிப் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை என்ன சொல்வது? படித்ததெல்லாம் எதற்கு என்று திரும்பி வருகிற விமானத்தில் முழுக்க யோசித்தாள். அப்பாவின் ஆசை கேவலமானதா, அதைக் கேவலம் என்று நினைக்கிற தான் கேவலமா என்றும் தெரியவில்லை.

தை வந்தது. மயில்சாமி வெள்ளைச் சட்டை எடுத்தார். மனைவி மயிலாத்தாள் துவைத்துக் கொடுத்ததை நம்பாமல், பஸ் ஸ்டாப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவரிடம் தானே கொண்டுபோய், மடிப்பு கத்திபோல நிற்கத் தேய்த்து வாங்கி வந்தார். ஜல்லிக்கட்டு நாள் விடிவதற்கு முன்னால் மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்புக்கரசி பின்னால் ஸ்கூட்டியில் போய், மேடைக்கு எதிரே கேலரியில் இடம் பிடித்தாள். போனில் ரெக்கார்டைத் தயாராக வைத்துக்கொண்டாள். அப்பா பெயரை அவர் திரும்பத் திரும்பக் கேட்கட்டும் என்று.

மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. மதியத்துக்கு மேல் மைக் சொன்னது:

"அடுத்து வர்றது தொண்டாமுத்தூர் பொங்கியண்ணன் காரி. கூட வர்றது தம்பி கிருபாசங்கர். தொட்டுப் பாருங்க வீரர்களே."

அவள் தவறாகக் கேட்டதாக நினைத்தாள். மைக் இன்னொரு முறையும் சொன்னது. காரி வெளியே வந்து, யாரையும் நெருங்கவிடாமல் ஒரு சுற்றுச் சுற்றி, பேரிரைச்சலுக்கு நடுவில் மறுமுனைக்கு ஓடியது. பீரோ பரிசு என்றார்கள். மறுமுனையில், வேலிக்கு வெளியே, கையில் கயிற்றோடு ஒரு வெள்ளைச் சட்டை நின்றிருந்தது. அவள் ரெக்கார்டை நிறுத்தினாள்.

அம்மா தோட்டத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அன்று காலையிலேயே பொங்கியண்ணன் கூப்பிட்டு, ஆன்லைனில் போன வருடப் பெயரே வந்துவிட்டது மயிலு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மயில்சாமி சரிங்க பண்ணாடி என்றிருக்கிறார். வீட்டில் யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அன்புக்கரசி தோட்டத்திலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல மெயின்ரோட்டுப் பேக்கரியில் டீக்கு நிறுத்தினாள். பொங்கியண்ணன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து முந்தின நாள் பீரோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். மயில்சாமி டீயை வாங்கிக்கொண்டு, எப்போதும் நிற்கிற தூணோரம் நின்றார்.

உரக்கடைக் கதிரேசனுக்கு அவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"என்ன மயிலு, இந்தத் தையில மரம் ஏறலியாக்கும்? தேங்காயெல்லாம் அப்புடியே கெடக்குதாமா."

எல்லாரும் சிரித்தார்கள். பொங்கியண்ணனும் மெல்லச் சிரித்தார். ஒரு வருடமாக நடக்கிற கேலி. மயில்சாமிக்கு இதற்கென்று ஒரு பதில் உண்டு. வயசாச்சுங்களே, தேங்காயே இறங்கி வரட்டுமுங்க என்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்புக்கரசி ஒவ்வொரு முறையும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்போதும் திருப்பிக்கொண்டாள்.

"மரமில்லீங்க" என்றார் மயில்சாமி. "மாடுங்க."

சிரிப்பு நின்றது. அவர் குரலை உயர்த்தவில்லை. டீ கிளாஸைத் தூணோரத்துத் திட்டில் வைத்துவிட்டு, மைக்கில் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பொங்கியண்ணன் பண்ணாடி மாடுங்க. பேரு காரி. வளத்தது மயில்சாமி. குத்துனது வலது தொடைங்க. மாடு வந்து சேர்ற எடத்துல, கயித்தோட நின்னேன். எம்பேரு எதுலயுமில்லீங்க."

கதிரேசன் தன் டீயைப் பார்த்தார். போண்டா போடுகிறவர் கரண்டியை எண்ணெயில் வைத்தபடி நின்றார். தெரியாத ஒன்றை அவர் சொல்லிவிடவில்லை. அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னார். இருந்தும் யாருக்கும் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பொங்கியண்ணன் சேரிலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். குரல் வெண்ணெய் போல இருந்தது.

"கால் பாவம், ரொம்ப வலிக்குதாட்ட இருக்குது. நாளையில இருந்து ஊட்டுலயே ரெஸ்ட் எடுத்துக்கப்பா. மாட்டை நாங்க பாத்துக்கறோம்."

"சரிங்க" என்றார் மயில்சாமி.

அன்புக்கரசி வண்டியை எடுத்தாள். இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தாள். ஜெயித்த மாதிரி இருக்கவேண்டும். இல்லை. ஸ்பெயினில் கெஞ்சியவர், தொடை கிழிந்தபோது தலையாட்டியவர், கேலிக்கெல்லாம் சிரித்தவர், இன்று ஏன்? கேட்டுவிட்டாள்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் வலது காலைக் கையால் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டார்.

"சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போனனே கண்ணு" என்றார்.

அவ்வளவுதான். கொம்பு பாய்ந்ததை விழுங்கிக்கொண்ட மனிதருக்கு, தேய்த்த சட்டையை விழுங்க முடியவில்லை. அவளுக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பிறகு, அதே பெயருக்காகத் தன் போனில் ரெக்கார்டைத் தயாராக வைத்துக்கொண்டு கேலரியில் காத்திருந்த தன் மேல் வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் தோட்டத்து வேலியைத் தாண்டும்போது காரி கத்தியது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவந்து அவர் தண்ணீர் காட்டுகிற நேரம். வண்டிச் சத்தம் அதற்குத் தெரியும். தோளில் அப்பாவின் கை இறுகியது.

"நிறுத்தாத கண்ணு. போ."

அவள் நிறுத்துவதாக இல்லை. ஆனால் மாடு விடாமல் கத்தியது. வேலி முடிகிற வரைக்கும் அவள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே போனாள். ஹாரனை அழுத்தினாள். எதிரே ஆளில்லாத ரோட்டில் அழுத்திக்கொண்டே இருந்தாள், அப்பாவுக்குக் காரி கத்துவது கேட்காமல் இருக்கட்டும் என்று.